ஒட்டுக்கா உட்கார்ந்தால் எழுத்து ஓடுமா?

கேள்வி இது: "பவானி ஜமக்காள நெசவாளர்களின் வருமானம் பற்றிப் பிஎச்.டி. செய்கிறேன். கள ஆய்வு முடிந்துவிட்டது. இன்னும் பத்து மாதத்தில் ஆய்வேடு கொடுக்க வேண்டும். கோவையில் ஹாஸ்டல் அறையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால் ஒரு பத்தி நகர மாட்டேன் என்கிறது. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து எழுதினால் வரும் என்று தோழி சொல்கிறாள். நிஜமாகவே பயன் உண்டா? எப்படி நடத்துவது?"

பயன் உண்டு. ஆனால் எல்லா வேலைக்கும் கிடையாது. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதனால்தான் பல குழுக்கள் இரண்டு வாரம் கூடிவிட்டு, மூன்றாவது வாரம் "இது நமக்குச் சரிப்படாது" என்று கலைந்துவிடுகின்றன. நான் ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஆறு வருடமாகச் சனிக்கிழமை காலையில் ஆய்வு மாணவர்களைச் சேர்த்து உட்கார வைக்கிறேன். முதல் முயற்சி படுதோல்வி. அதையும் சொல்கிறேன்.

இதைப் புது விஷயம் என்று நினைக்க வேண்டாம். சின்ன வயதில் கோபி பக்கம் அம்மாயி வீட்டில் விதைக்கடலை உரிப்பதைப் பார்த்திருக்கிறேன். விதைக்கு என்றால் மெஷினில் போட மாட்டார்கள், பருப்பின் தோல் கிழிந்தால் முளைக்காது, கையால்தான் உரிக்க வேண்டும். ஒரு மூட்டையைத் தனியாளாக உரிக்கச் சொன்னால் யாரும் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டார்கள். பொழுதோட நாலு வீட்டுப் பெண்கள் திண்ணையில் ஒட்டுக்கா உட்கார்ந்தால், எட்டரைக்குள் மூட்டை காலி. ஒருத்தர் கடலையை இன்னொருத்தர் உரிப்பதில்லை. அவரவர் முறத்தில் அவரவர் வேலை. பக்கத்து முறத்தில் கை ஓடிக்கொண்டிருக்கும்போது நம் கை நிற்கக் கூச்சப்படும், அவ்வளவுதான் சூட்சுமம். கூட்டாக எழுதுவதும் இதே மாதிரிதான். சேர்ந்து ஒரே கட்டுரையை எழுதுவதில்லை, ஒரே அறையில் அவரவர் ஆய்வேட்டை எழுதுவது.

பல்கலைக்கழகங்களில் இப்போது பரவியிருக்கும் வடிவம் வெளியிலிருந்து வந்தது. 2007இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் எழுதுகிறவர்கள் சிலர் காபிக் கடைகளில் கூடி, 'ஷட் அப் அண்ட் ரைட்' என்று பெயர் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் பேசாமல் எழுதிவிட்டுப் பிறகு அரட்டை அடித்தார்கள். அதை ஆய்வு மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதோடு ஒட்டிக்கொண்டது பொமொடோரோ முறை. 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், சமையலறையில் இருந்த தக்காளி வடிவ டைமரை வைத்து 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று பழகினார். இத்தாலிய மொழியில் பொமொடோரோ என்றால் தக்காளி. நம் ஊர்க்காரர்களுக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் முதல் நூற்பாலையைத் தொடங்கியதிலிருந்து மில் சங்கு ஊதி வேலைக்கு உட்கார்ந்து, சங்கு ஊதி எழுந்து பழகிய பரம்பரை.

ஒன்று மட்டும் என் சொந்தக் கருத்து: 25 நிமிடம் நமக்குப் போதாது. ஃபைலைத் திறந்து, போன வாரம் எங்கே விட்டோம் என்று பார்த்து, மனசுக்குள் தமிழில் ஓடுவதை ஆங்கிலத்துக்கு மாற்றத் தொடங்கும்போதே பத்து நிமிடம் போய்விடும். கை ஓடத் தொடங்கும் நேரத்தில் மணி அடித்தால் எரிச்சல்தான் வரும். நாங்கள் 40 நிமிடம் எழுத்து, 10 நிமிடம் ஓய்வு என்று வைத்திருக்கிறோம். ஒரு காலையில் மூன்று சுற்று. நாலாவது சுற்று வைத்துப் பார்த்தோம். அதில் எழுதியதை அடுத்த வாரம் எல்லோரும் அழித்தார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்தில் ஆள் இருந்தால் வேலை வேகமாக நடக்குமா என்பது நூறு வருடத்துக்கு மேலாக உளவியலாளர்கள் கேட்கும் கேள்வி. 1898இல் நார்மன் டிரிப்லெட் சைக்கிள் பந்தயக் கணக்குகளைப் பார்த்து, தனியாக ஓட்டுவதைவிடக் கூட ஆள் இருந்தால் வேகம் கூடுகிறது என்றார். பிறகு வந்த ஆய்வுகளில் சிலவற்றில் கூடியது, சிலவற்றில் குறைந்தது. இந்தக் குழப்பத்தை 1965இல் ராபர்ட் சயான்ஸ் அவிழ்த்தார்: நன்றாகப் பழகிய வேலை என்றால் ஆள் இருப்பது வேகப்படுத்தும், இன்னும் பிடிபடாத வேலை என்றால் தடுமாற வைக்கும். 1969இல் அவரும் இன்னும் இருவரும் கரப்பான்பூச்சியை வைத்தே இதைச் செய்து பார்த்தார்கள். நேரான பாதையில் ஓடவிட்டபோது, வேடிக்கை பார்க்க வேறு கரப்பான்கள் இருந்தால் பூச்சி வேகமாக ஓடியது. திரும்ப வேண்டிய சிக்கல் பாதையிலோ, அதே மாதிரிக் கூட்டத்துக்கு முன்னால் பூச்சி மெதுவானது.

நான் மாணவர்களிடம் முதல் நாளே இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்பேன். இன்றைக்கு நீ எடுத்து வந்திருப்பது நேர்ப்பாதையா, சந்து பொந்தா? உங்கள் ஆய்வேட்டையே எடுத்துக்கொள்வோம். எந்தத் தெருவில் எத்தனை நெசவாளர் வீடுகளுக்குப் போனீர்கள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், என்னென்ன கேட்டீர்கள் என்ற பகுதி நேர்ப்பாதை. நடந்ததை எழுத வேண்டும், அவ்வளவே. அட்டவணையைப் பார்த்து அதில் இருப்பதை வாக்கியமாக்குவது, ஏற்கெனவே குறிப்பெடுத்து வைத்த முன்னாய்வுகளைத் தொகுப்பது, குழித்தறி எப்படி இயங்குகிறது என்று விவரிப்பது, மேற்கோள் பட்டியலைச் சீர் செய்வது, எல்லாம் நேர்ப்பாதைதான். இவற்றைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், பறக்கும். ஆனால் 'கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும் நெசவாளருக்கும் நூல் கொடுத்து நெய்ய வைக்கும் மாஸ்டர் வீவரிடம் கூலிக்கு நெய்பவருக்கும் உள்ள வருமான வித்தியாசம் எதைக் காட்டுகிறது?' என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், அது சந்து பொந்து. அதை நாலு பேர் கீபோர்டு தட்டும் சத்தத்துக்கு நடுவே யோசித்தால் பதற்றம்தான் மிஞ்சும். அதற்குத் தனியாக ஒரு நடை போங்கள், இல்லையென்றால் கைடிடம் பேசுங்கள், ஒரு நோட்டில் கிறுக்குங்கள். முடிவு வந்த பிறகு எழுதக் கூட்டத்துக்கு வாருங்கள்.

ஹாஸ்டலில் பத்தி நகரவில்லை என்கிறீர்களே, பாதிப் பேருக்கு அதன் காரணமும் இதுதான். யோசிப்பதையும் எழுதுவதையும் திருத்துவதையும் ஒரே நேரத்தில் செய்கிறார்கள். ஒரு மாணவி என்னிடம் சொன்னாள்: "ராத்திரி பூராத்திக்கும் உக்காந்தனுங்க மேம், ஒரு வரி எழுதறது, அழிக்கறது, எழுதறது, அழிக்கறது. விடிஞ்சு பாத்தா அதே ரெண்டு வரிதானுங்க நின்னுச்சு." பேக்ஸ்பேஸ் சாவியைத் தொடாமல் ஒரு சுற்று எழுது என்றேன். அன்று அவள் எழுதிய பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. ஆனால் ஒரு பக்கம் இருந்தது.

எங்கள் சனிக்கிழமை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒன்பதே முக்காலுக்கு அறை திறக்கும். வாசல் பக்கத்து பெஞ்சில் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி இருக்கும். ஆளாளுக்குப் போனைச் சைலண்டில் போட்டு அதற்குள் வைத்து மூடிவிட வேண்டும். வீட்டில் கைக்குழந்தையோ முடியாத பெரியவரோ இருந்தால் அந்தப் போன் மட்டும் என் மேசையில் இருக்கும், நான் பார்த்துச் சொல்வேன். பிறகு ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் இந்தச் சுற்றில் என்ன எழுதப்போகிறோம் என்று எழுதி, சத்தமாகப் படிக்க வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம். இந்த ஐந்து நிமிடத்தில்தான் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். "இயல் 3 எழுதப்போகிறேன்" என்றால் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். "பவானியில் வீடுகளைத் தேர்ந்தெடுத்த விதம், இரண்டு பத்தி" என்றால் சரி. "முன்னாய்வு படிப்பேன்" என்பதும் செல்லாது. படிப்பது நல்ல விஷயம்தான், ஆனால் எழுதாமல் தப்பிக்க அதைவிடக் கௌரவமான வழி உலகத்தில் இல்லை.

மணி அடித்ததும் பேச்சு நின்றுவிடும். நானும் எழுதுவேன். நடத்துகிறவர் சும்மா உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தால் அது பரீட்சை ஹால் ஆகிவிடும். நாற்பது நிமிடம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து வெளியே போக வேண்டும், உட்கார்ந்தே ஓய்வெடுக்கக் கூடாது. டீயும் வர்க்கியும் வரும். அப்போது எவ்வளவு நடந்தது என்று ஒரே வாக்கியம். "ரெண்டு பத்தின்னு சொன்னனுங்க, ஒண்ணுதான் முடிஞ்சுது, ஒரு தேதி சந்தேகமாப் போச்சு." அவ்வளவு போதும். யாரும் ஆறுதலும் சொல்ல மாட்டார்கள், அறிவுரையும் சொல்ல மாட்டார்கள்.

அந்தத் தேதி சந்தேகத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. எழுதும்போது ஏதாவது தெரியவில்லை என்றால் கூகுளுக்குப் போகாமல் அந்த இடத்தில் 'கககக' என்று தட்டிவிட்டு மேலே போக வேண்டும். வேறு எந்தச் சொல்லிலும் நாலு க ஒன்றாக வராது. பிறகு தேடினால் எல்லா ஓட்டைகளும் வரிசையாகக் கிடைக்கும்.

முதல் முயற்சி ஏன் படுத்தது என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? மூன்று தப்பு செய்தோம். ஒரே துறை ஆட்களை மட்டும் சேர்த்தேன். முதல் ஓய்விலேயே யாருடைய டிசி மீட்டிங் (ஆய்வைக் கண்காணிக்கும் குழுவின் கூட்டம்) முடிந்தது, யாருடைய கைடு கையெழுத்துப் போடாமல் இழுக்கிறார் என்று அக்கப்போர் ஆரம்பித்துவிட்டது. இப்போது விலங்கியல், வணிகவியல், தமிழ், கணிதம் என்று கலந்து வைக்கிறேன். ஒருவர் ஆய்வு இன்னொருவருக்குப் புரியாதது பெரிய நிம்மதி, ஒப்பிட வழியில்லை. இரண்டாவது தப்பு, எத்தனை வார்த்தை எழுதினோம் என்று போர்டில் போட்டேன். ஒரு பையன் மூன்று சுற்றில் ரெண்டாயிரத்தைத் தாண்டினான். எல்லோரும் கைதட்டினோம். அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை. அந்தப் பையன் எழுதியதில் பாதி வேறொருவர் கட்டுரையிலிருந்து ஒட்டியது என்று பிறகு தெரிந்தது. மூன்றாவது, ஒரு கைடு ஆர்வமாக வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர், அவர் மேல் குறை இல்லை. ஆனால் அவருடைய மாணவர்கள் இருவரும் நாற்பது நிமிடமும் திரையைப் பார்த்தபடி சிலை மாதிரி இருந்தார்கள். கரப்பான்பூச்சிக் கதையை நான் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான்.

ஒட்டுவது என்றதும் ஞாபகம் வருகிறது. நேரமில்லாத பயத்தில்தான் பெரும்பாலோர் ஒட்டுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடம் திருத்திய பிரதியைக்கூடக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உங்களிடம் இருப்பது பத்து மாதம், அதில் ஒரு வருடத் தடையைத் தாங்க இடமில்லை. கூட்டத்தில் எழுதும்போது மூல நூலை மூடி வைத்துவிட்டு, குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு எழுதச் சொல்கிறேன். வாக்கியம் மோசமாக இருக்கும், ஆனால் உங்களுடையதாக இருக்கும்.

அந்த வாக்கியம் முதலில் தமிழில் வந்தாலும் பரவாயில்லை. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு இதை வற்புறுத்தியே சொல்கிறேன். தறிக்காரர் வீட்டுத் திண்ணையில் தமிழில் கேட்டதை, தமிழில் யோசித்ததை, ஏன் முதல் வரியிலேயே ஆங்கிலத்தில் பிடிக்கப் பார்க்க வேண்டும்? முதல் சுற்றில் தமிழும் ஆங்கிலமும் கலந்து கொட்டுங்கள். இரண்டாவது சுற்றில் ஆங்கிலமாக்குங்கள். ஆய்வேடே தமிழில் என்றால் வேறொரு சிக்கல் உண்டு: கையால் எழுதி டிடிபி சென்டரில் கொடுப்பது. அவர்கள் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுப்பார்கள், நீங்கள் ஒரு வரி திருத்த மறுபடி அங்கேதான் ஓட வேண்டும். இரண்டு வாரம் ஒதுக்கித் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைப் பழகிவிடுங்கள். உயிரும் மெய்யும் இரண்டு கைக்கும் பிரிந்து வரும், கை சீக்கிரம் பழகிவிடும். யுனிகோடில் அடித்த ஃபைல் எந்தக் கணினியிலும் திறக்கும்.

கையெழுத்துக்கும் மரியாதை உண்டு. ஒரு சனிக்கிழமை, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலேயே கரண்ட் நின்றுவிட்டது. இருந்த லேப்டாப்புகளில் பாதிக்கு மேல் சார்ஜ் இல்லை. திரும்பிப் போகலாமா என்று யோசித்தோம். அப்புறம் பரீட்சைக்குக் கொடுக்கும் கூடுதல் தாள்கள் ஒரு கட்டு எடுத்து வந்தேன். ஃபேன் இல்லை, சித்திரை வெயில், தாள் கையில் ஒட்டுகிறது. எனக்குத் தெரிந்து எங்கள் அறையில் மிக அமைதியாக நடந்த காலை அதுதான். ஒரு கணித மாணவர் அன்று எழுதிய ஆறு தாளை இன்னும் வைத்திருக்கிறார்.

'மனசு வந்தால்தான் எழுத வரும், கட்டாயப்படுத்தி எழுதினால் சரக்கு இருக்காது' என்று உங்களுக்குத் தோன்றலாம். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1983இல் இதைச் சோதித்தார். பேராசிரியர்களை மூன்றாகப் பிரித்தார். ஒரு கூட்டத்தை எழுதவே வேண்டாம் என்றார். ஒரு கூட்டம் மனசு வந்தால் எழுதலாம். மூன்றாவது கூட்டம் குறித்த நாளில் எழுதியே தீர வேண்டும், தவறினால் தங்களுக்குப் பிடிக்காத ஒரு அமைப்புக்குப் பணம் போய்விடும். மூன்றாவது கூட்டம் அதிகப் பக்கம் எழுதியதில் ஆச்சரியமில்லை. புதிய யோசனைகளும் அவர்களுக்குத்தான் அதிகம் வந்தன. பணம் பிடுங்கும் யோசனையை நான் எங்கள் அறைக்குக் கொண்டுவரவில்லை. வராதவர் அடுத்த வாரம் வர்க்கி வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான்.

இடம், நேரம் பற்றிச் சுருக்கமாக. ஹாஸ்டல் அறை வேண்டாம், கட்டில் கூப்பிடும். கோவையில் தெருவுக்கு ஒரு பேக்கரி இருந்தாலும் மூன்று மணி நேரம் உட்கார விட மாட்டார்கள், விட்டாலும் தேங்காய் பன் வாசத்தில் யாருக்கு எழுத வரும்? உங்கள் துறையின் செமினார் ஹால் சனிக்கிழமை காலியாகத்தான் இருக்கும். துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் கொடுத்துச் சாவியை வாங்குங்கள். பிளக் பாயின்ட் எத்தனை என்று முன்னாடியே எண்ணிவிட்டு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டு போங்கள். பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். மாலை நேரம் வைத்தால் ஹாஸ்டல் கேட் நேரம், தாராபுரம் பஸ், வீட்டில் குழந்தை என்று பெண்கள்தான் முதலில் கழன்றுகொள்வார்கள். கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகச் செய்பவர்களுக்கும் சனிக்கிழமை காலைதான் தோது. நாலு முதல் எட்டு பேர் போதும். பத்தைத் தாண்டினால் சீட்டு படிக்கவே அரை மணி நேரம் ஆகிவிடும்.

ஒருவர் எழுதியதை ஒருவர் படித்துக் கருத்துச் சொல்வதை இந்த நேரத்தில் வைக்காதீர்கள். அது தேவைதான், வேறு நாள் வையுங்கள். எழுதுகிற நாளன்றே மாலை தன் பக்கத்தை யாரோ படிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் காலையிலேயே கை நின்றுவிடும்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் தோழி ஒருத்தி போதும். அவளும் ஊரில் இல்லை என்றால் வீடியோ காலில் இருவரும் மைக்கை அணைத்துவிட்டு எழுதுங்கள். கேமரா முகத்தைக் காட்ட வேண்டியதில்லை, கையைக் காட்டினால் போதும். என் மாணவி ஒருத்தி பிரசவத்துக்குப் பிறகு எட்டு மாதம் அம்மா வீட்டில் இருந்தே இப்படி எழுதினாள். குழந்தை அழுதால் கை திரையிலிருந்து மறையும், பிறகு வரும்.

உங்கள் முதல் சனிக்கிழமைக்கு நான் சீட்டு எழுதிக் கொடுப்பதாக இருந்தால் இப்படி எழுதுவேன். முதல் சுற்று: பவானியில் நீங்கள் முதலில் போன வீடு, அங்கே யார் இருந்தார், தறி எங்கே போட்டிருந்தது, ஒரு பத்தி. இரண்டாவது சுற்று: அந்த வீட்டையும் மற்ற வீடுகளையும் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், இரண்டு பத்தி. மூன்றாவது சுற்று: வருமானக் கேள்விக்கு மாதக்கூலி, ஜமக்காளத்துக்கு இவ்வளவு என்ற கூலி, முன்பணம் எல்லாவற்றையும் எப்படி ஒரே கணக்குக்குள் கொண்டு வந்தீர்கள், ஒரு பத்தி. முதல் பத்தி ஆய்வேட்டில் நிற்காது, கைடு அடித்துவிடுவார். பரவாயில்லை, எழுதுங்கள். தோழியிடம் இன்றைக்கே நாள் கேட்டுவிடுங்கள்.